பெயரேட்டின் தருமகர்த்தா

போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் திருத்தமுறச் செய்த ஏடு ஒன்று யாழ்ப்பாணத்துக்கு இருந்தது. தோம்பு என்பது அதன் பெயர். ஊரின் பெயர், காணியின் பெயர், உடையவன் பெயர், அவன் இறுக்கவேண்டிய இறை ஆகியவற்றை வரிசையாகக் குறித்த பேரேடு அது. நிலம் தான் இருந்த இடத்திலேயே இருக்கும். பனையும் வேலியும் நடந்து போவதில்லை. ஆயினும் ஏட்டிலே ஓர் எழுத்து மாறிவிட்டால் உடைமை கைமாறிவிடும். ஆகவே, காணியைக் காப்பவனைக் காட்டிலும் ஏட்டைக் காப்பவன்மீதே ஊராரின் கண் இருந்தது. காணி வழக்கிலே ஒரு தலைமுறையைக் கழித்த குடும்பத்தவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நாளிலே நாடுகளுக்கும் அத்தகைய ஏடு ஒன்று அமைந்திருக்கின்றது. அது காணியைக் குறிப்பதன்று, பெயரைக் குறிப்பது. இணையத்திலே ஒரு திணைக்களத்தையோ வங்கியையோ பாடசாலையையோ தேடுபவர் எழுதும் முகவரியின் ஈற்றிலே, ஒரு புள்ளிக்குப் பின்னால், இரண்டு ஆங்கில எழுத்துகள் நிற்பதை நேயர்கள் கண்டிருப்பர். இலங்கைக்கு எல்-கே, இந்தியாவுக்கு ஐ-என், சிங்கப்பூருக்கு எஸ்-ஜி. இவ்வீற்றெழுத்துகளின் கீழே இன்ன பெயர் இன்னாருக்கு உரியது என்று எழுதிவைக்கும் இடமே ஒரு நாட்டின் இணையப் பெயர்ப் பதிவகம் ஆகும்.

அவ்வேடு செய்யும் வேலை யாது? கணினிகள் ஒன்றையொன்று அறிவது எண்களால். மனிதரோ எண்களை மறந்துவிடுவர். பெயரையே நினைவில் வைப்பர். தொடக்க காலத்திலே கணினிகள் சில நூறே இருந்தமையால், இன்ன பெயருக்கு இன்ன எண் என்னும் பட்டியல் ஒன்று கலிபோணியாவிலுள்ள ஸ்டான்போர்ட் ஆய்வு நிலையத்திலே பேணப்பட்டது. மற்றையோர் அதனைப் படியெடுத்து வைத்துக்கொண்டனர். கணினிகள் பெருகப் பெருக அப்பட்டியல் தாங்காது போயிற்று. 1983ஆம் ஆண்டிலே போல் மொக்கப்பெட்றிஸ் என்னும் அறிஞர் அதனைப் பகுத்துப் பல ஏடுகளாக்கும் முறையை வகுத்தார்.

தபால் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால் அம்முறை எளிதில் விளங்கும். வெளிநாட்டிலே கடிதத்தைப் பிரிப்பவருக்குக் கரவெட்டியிலுள்ள ஒழுங்கையைத் தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை; இது இலங்கைக்கு உரியது என்று தெரிந்தாற் போதும். கொழும்பிலே அது வடக்குக்கு உரியதெனத் தெரிந்தாற் போதும். வீட்டை அறிந்தவர் கடைசியில் வரும் தபாற்காரர் ஒருவரே. இணையத்தின் மூலவேடும் அவ்வாறே. எல்-கே என்று முடியும் பெயரைக் கேட்டால், இலங்கைப் பதிவகத்தின் கணினிகளைக் கேள் என்று மட்டும் அது சொல்லும். அப்பதிவகம், குறித்த பாடசாலையின் பெயரைக் காக்கும் கணினி எங்கே இருக்கின்றது என்று சொல்லும். கேள்வியும் விடையும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். பதிவகம் வாய் மூடிக்கொண்டால், பாடசாலையின் கணினி பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தாலும் அதற்குச் செல்லும் வழி ஒருவருக்கும் தெரியாமற் போகும்.

எவை நாடுகள் என்று தீர்மானித்தவர் யார் என்னும் கேள்வி இங்கே எழுகின்றது. அக்காலத்தில் இப்பெயர்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் ஜோன் பொஸ்டெல் என்னும் அமெரிக்கர். நீண்ட தாடியும் எளிய உடையும் உடையவர். எது நாடு, எது நாடன்று என்னும் வழக்கிலே தாம் நீதிபதியாக இருக்க அவர் விரும்பவில்லை. உலகத் தர நிர்ணய நிறுவனம் 1974இல் வெளியிட்ட நாட்டுக் குறியீட்டுப் பட்டியல் ஏற்கெனவே இருந்தது. அதிலுள்ள ஈரெழுத்துகளை அப்படியே எடுத்துக்கொள்வது என 1984இல் முடிவாயிற்று. பெரிய சண்டைகளைத் தவிர்த்த சிறிய முடிவு அது. இலங்கை 1972இல் குடியரசாகிப் பெயர் மாறியபின் அப்பட்டியல் வந்தமையால், சிலோன் என்னும் பழம் பெயரின் முதலெழுத்து அதில் இடம்பெறவில்லை. லங்கா என்பதன் எல்லும் கேயுமே நிலைத்தன.

பட்டியல் கிடைத்தது, ஏடுகளை யாரிடம் ஒப்படைப்பது? அந்நாட்களிலே பெரும்பாலான அரசாங்கங்கள் இதனை அறிந்திருக்கவில்லை. ஒரு நாட்டிலிருந்து கணினி அறிந்த ஒருவர், பெரும்பாலும் பல்கலைக்கழக ஆசிரியர், பொறுப்பேற்க முன்வந்தால் அவரிடமே ஏடு ஒப்படைக்கப்பட்டது. 1994இல் பொஸ்டெல் எழுதி வெளியிட்ட விதிகளிலே ஒரு கருத்து மிகவும் சிறந்தது. நாட்டின் பெயரேட்டை நடத்துபவர் அதற்கு உடைமைக்காரர் அல்லர். அந்நாட்டு மக்களுக்கும் உலக இணையத்தார்க்கும் பொதுவான நம்பிக்கைப் பொறுப்பாளர். உரிமை பேசுவது அங்கே பொருந்தாது. கடமையும் சேவையுமே பேசத்தக்கன என்பது அதன் கருத்து.

ஆங்கிலத்திலே அவர் ஆண்ட சொல்லுக்குத் தமிழிலே தருமகர்த்தா என்னும் சொல் பழமையாகவே இருக்கின்றது. கோயிற் காணி மூர்த்திக்கு உரியது. தருமகர்த்தா அதனைக் குத்தகைக்கு விடலாம். வருமானத்தைக் கொண்டு விளக்கேற்றலாம், மதில் கட்டலாம். தம் பெயருக்கு எழுத முடியாது. எழுதிக்கொண்டவர்களும் உளர் என்பதைக் கோயில் வழக்குகள் சொல்லும். இணையப் பெயரேட்டின் வரலாறும் ஏறக்குறைய அவ்வாறே இருவகைப்பட்டு நடந்திருக்கின்றது.

பசிபிக் சமுத்திரத்திலே துவாலு என்றொரு நாடு உண்டு. ஒன்பது சிறு தீவுகள். குடிகள் பதினோராயிரம் அளவினர். 1978இல் விடுதலை பெற்ற அந்நாட்டுக்குப் பட்டியலிலே கிடைத்த எழுத்துகள் ரி-வி என்பன. தொலைக்காட்சியை உலகமெல்லாம் அவ்வெழுத்துகளாலேயே அழைப்பதனால், அவற்றை ஈறாகக் கொண்ட பெயருக்கு வெளிநாட்டவர் பணம் கொடுக்க ஆயத்தமாயினர். 2000ஆம் ஆண்டிலே அமெரிக்க நிறுவனம் ஒன்று ஐந்து கோடி டொலரைப் பல ஆண்டுகளிற் பகுதி பகுதியாகக் கொடுப்பதாக உடன்படிக்கை செய்தது. அவ்வாண்டு செப்தெம்பரிலே துவாலு ஐக்கிய நாடுகள் சபையின் 189ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. அதற்கான செலவுக்கு அப்பணமும் உதவிற்று. தெருக்களுக்குத் தார் போடவும் விளக்கு வைக்கவும் அது உதவிற்று. பிற்காலத்து உடன்படிக்கைகளிலே அந்நாடு இன்னும் கூடிய பணத்தைக் கேட்டுப் பெற்றது. கரீபியன் கடலிலுள்ள அங்குவிலாவின் கதை இதனினும் வியப்பானது. செயற்கை நுண்ணறிவைக் குறிக்கும் ஏ-ஐ என்னும் ஆங்கில எழுத்துகளே அத்தீவின் எழுத்துகளுமாய் அமைந்துவிட்டன. 2023இல் மட்டும் ஏறக்குறைய 3 கோடி 20 இலட்சம் டொலர் அதற்குக் கிடைத்தது. அரசாங்க வருமானத்தில் அது ஐந்திலொரு பங்குக்கு மேல். குத்தகைப் பணம் கோயிலுக்கே வந்து சேர்ந்த இடங்கள் இவை.

சேராத இடமும் உண்டு என முறையிடுவோர் நியுவே மக்கள். அத்தீவின் குடிகள் இரண்டாயிரத்துக்கும் குறைந்தோர். என்-யு என்னும் அதன் ஈரெழுத்து சுவீடன் மொழியிலே இப்பொழுது எனப் பொருள்படும் சொல்லாகும். 1997இல் அப்பெயரேடு அமெரிக்காவிலிருந்த ஓர் அமைப்பின் கைக்குச் சென்றது. பெயர்களை மிகுதியாக வாங்கியவர் சுவீடன் நாட்டவர். தீவிலே இலவச இணைய இணைப்புக்கு அவ்வமைப்பு வழி செய்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் ஏட்டின்மீது நாட்டுக்கு அதிகாரம் இல்லை என்பது நியுவே அரசின் மனக்குறை. 2013இல் அதனை நடத்தும் பணி சுவீடனிலுள்ள இணைய நிறுவனத்துக்குப் போயிற்று. 2018இல் நியுவே அந்நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்தது. தன் பெயருக்காக ஒரு நாடு பிறநாட்டு நீதிமன்றத்தின் படியேறி நின்றது.

நாடில்லாத நிலையிலே பெயரேட்டை வைத்திருந்தவர்களும் உளர். கிழக்குத் தீமோர் இந்தோனேசியாவின் பிடியில் இருந்தபொழுது, 1997இல் அயர்லாந்திலுள்ள நிறுவனம் ஒன்று தீமோருக்குரிய ஈரெழுத்தின் பொறுப்பை ஏற்றது. 1999 சனவரியிலே இனந்தெரியாதார் அதன் கணினிகளைத் தாக்கிப் பணியை நிறுத்தினர். பின்னர் அது மீண்டது. 2002இல் நாடு விடுதலை பெற்றுப் புதிய ஈரெழுத்தைப் பெற்றபின், பழையது 2015இல் மூலவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. யூகோசிலாவியா சிதைந்தபின் அதன் எழுத்துகளும் 2010இல் நீக்கப்பட்டன. சோவியத்து ஒன்றியம் மறைந்து முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அதன் எழுத்துகள் மாத்திரம் இன்னும் மூலவேட்டில் இருக்கின்றன என்பது வேடிக்கை.

இலங்கையின் ஏடு 1990ஆம் ஆண்டிலே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தொடங்கிற்று. பின்னாளிற் பேராசிரியரான கிகான் டயஸ் அதன் பொறுப்பை ஏற்றார். அவ்வேளை நாட்டிலே பொதுமக்களுக்கு இணையம் இருக்கவில்லை; அது வியாபார முறையிலே கிடைத்தது 1995இல். வீதி போடுமுன் வீட்டிலக்கம் எழுதத் தொடங்கியதைப் போன்ற செயல் அது. பிற்காலத்திலே பதிவகம் இலாபம் நோக்காத தனி நிறுவனமாக அமைந்தது. அரசாங்கத்துக்கு ஒரு பிரிவு, பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பிரிவு, பாடசாலைகளுக்கு ஒரு பிரிவு, விடுதிகளுக்குக்கூட ஒரு பிரிவு என அதன்கீழ் வகுக்கப்பட்டன. இன்ன பிரிவிற் பெயர் பெறுபவர் உண்மையிலே அத்தகையவர்தாமா என்று பார்த்தே அவை கொடுபடுகின்றன. அரசாங்கப் பிரிவிலே முடியும் முகவரியைக் கண்டால் அது அரசாங்கத்தினதே என நம்பிப் பணம் கட்டலாம் என்னும் நிலை அவ்வாறு உண்டாயிற்று. பதிவகத்தின் முழு மதிப்பும் அந்த நம்பிக்கையிலேதான் இருக்கின்றது.

அந்நம்பிக்கை எத்துணை மெல்லியது என்பது 2021 பெப்ருவரி 6ஆம் திகதி காலை தெரிந்தது. கூகிளின் இலங்கை முகவரி உட்பட எல்-கே ஈற்றையுடைய சில பெயர்கள், தத்தம் தளங்களுக்குச் செல்லாது வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. அதிலே நாட்டின் அரசியற் குறைகள் சில எழுதப்பட்டிருந்தன. சில மணி நேரத்துக்குள் ஏடு திருத்தப்பட்டது. எழுதியவர் பணத்தை நாடியிருந்து, வங்கியைப் போன்ற போலிப் பக்கம் ஒன்றை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என எண்ணுவோர்க்கு நித்திரை வருவது அரிது. அந்நிறுவனங்களின் கணினி எதுவும் உடைக்கப்படவில்லை. தோம்பிலே வரி மாறியது, அவ்வளவே.

காப்பது ஒரு பாதி. பெயரை மக்கள் விரும்பி எடுக்கும்படி செய்வது மறுபாதி. ஊரவர் எடுக்காத நாட்டுப் பெயர், திறக்கப்படாத தபாற்கந்தோரைப் போன்றது. இலங்கையிலே வியாபாரிகள் பலர் கொம் என முடியும் அமெரிக்க ஏட்டின் பெயரையே நாடுகின்றனர். வெளிநாட்டவருக்கு அது பழக்கமானது என்பது அவர்கள் எண்ணம். இதற்கு மலிவு ஒன்றே மருந்து எனக் கருதுவோர் தொக்கெலாவுவின் அனுபவத்தைப் பார்க்கவேண்டும். ஆயிரத்தைந்நூறு பேரளவில் வாழும் அத்தீவின் பெயரிலே, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகப் பெயர் கொடுத்தது. தொகையிலே அது உலகின் மிகப் பெரிய நாட்டேடுகளுள் ஒன்றாயிற்று. வந்து குவிந்தவருள் வஞ்சகர் மிகப் பலர். 2023இல் அவ்விலவசப் பதிவு நின்றுபோன காலத்திலே, அத்தீவின் பெயரைக் கண்டாலே அஞ்சும் நிலை ஏற்பட்டிருந்தது. மாறாக, ஜேர்மனியின் ஏட்டைப் பிராங்பேர்ட் நகரிலுள்ள கூட்டுறவுச் சங்கம் ஒன்று நடத்துகின்றது. பெயர் விற்போரே அதன் அங்கத்தவர். கட்டணம் குறைவு, நடத்தை நேர்மை. ஒரு கோடி எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அதிலே உள.

இலங்கை ஏட்டுக்கு மற்றை நாடுகளிற் பலவற்றுக்கு இல்லாத ஒரு பொறுப்பும் இருக்கின்றது. அது மூன்று எழுத்துகளில் நடப்பது. நாட்டுப் பெயர்களை அவ்வந்நாட்டு எழுத்திலேயே மூலவேட்டில் எழுதலாம் என்னும் முறை 2009 நவம்பரிலே தொடங்கிற்று. 2010இல் சிங்களத்திலே லங்கா எனவும் தமிழிலே இலங்கை எனவும் இரு பெயர்கள் இந்நாட்டுக்காகச் சேர்க்கப்பட்டன. சிறிது காலத்திலே இந்தியா, சிங்கப்பூர் என்னும் பெயர்களும் தமிழெழுத்தில் வந்தன. உலகின் மூலவேட்டிலே மூன்று நாடுகள் தமிழிலே எழுதப்பட்டிருக்கின்றன.

அதற்கு முன்னோடியாக 2007இல் பதினொரு மொழிகளிலே பரிசோதனைப் பெயர்கள் வைக்கப்பட்டன. தமிழ் அவற்றுள் ஒன்று. உதாரணம் என எழுதிப் புள்ளியிட்டுப் பரிட்சை என அதிலே எழுதியிருந்தனர். தமிழகத்திலே அவ்வாறு எழுதுவோர் உளர். இலங்கைப் பாடசாலையிலே பரீட்சை எனும் சொல்லை மாணவன் அப்படிக் குறிலில் எழுதினால் ஆசிரியரின் சிவப்பு மை அதன்மீது விழும். உலக மூலவேட்டிலே அது 2013 வரை திருத்தப்படாமலே இருந்து நீங்கிற்று.

எழுத்துப்பிழையிலும் பெரிய இடர் ஒன்று தமிழிலே இருக்கின்றது. கௌரி என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். ககரத்தின்மேல் ஔகாரக் குறியை இட்டு எழுதுவது முறை. ஆனால் கெ என எழுதி அதனருகே ளகரத்தை வைத்து, பின் ரி என எழுதினாலும் பார்வைக்கு ஏறக்குறைய அதே பெயர்தான் தோன்றும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கோ அவை வெவ்வேறு எழுத்துக்கோவைகள், ஆகவே வெவ்வேறு பெயர்கள். முதற் பெயரை நகைக்கடைக்காரர் ஒருவர் பெற்றிருக்க, இரண்டாவதை ஒரு வஞ்சகன் பெற்று அதே தோற்றத்திற் கடை விரித்தால், வாடிக்கையாளர் எவ்வாறு அறிவார்? ஸ்ரீ என்னும் எழுத்தும் அத்தகையதே. ஸகரத்தை முதலாகக் கொண்டும் எழுதலாம்; வடமொழியின் இன்னொரு சகரத்தை முதலாகக் கொண்டும் எழுதலாம்; திரையிலே வேற்றுமை தெரியாது. தமிழிலக்கம் ஒன்றும் ககரமும் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றன. மூலப் பெயர்களுக்குரிய விதிகளிலே இலக்கங்களை அடியோடு விலக்கிவிட்டனர். ஸ்ரீயின் இரு வடிவங்களையும் ஒன்றாகவே கொள்ளவேண்டும் என வகுத்தனர். இவற்றை ஆராய்ந்து விதி செய்வதற்குக் கணினி அறிந்தவர் மட்டும் போதாது. எழுத்திலக்கணம் அறிந்தவரும் வேண்டும். தமிழ் கற்றவர்க்கு இணையத்தில் வேலை இல்லை என்போர் இதனை அறிவதில்லை.

தமிழிலே பெயர் கிடைத்து ஆண்டுகள் பல சென்றும் அதனை எடுப்போர் சிலரே. அதற்குப் பெயரையோ மக்களையோ குறை கூறுவது பொருந்தாது. மூலவேட்டினுள்ளே தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றது. அம்மாற்றத்தைக் கணினி தானே செய்து, பயில்வோருக்குத் தமிழையே காட்டவேண்டும். பல செயலிகள் அவ்வாறு செய்கின்றன; சில, பொருளற்ற எழுத்துக் கோவையைக் கொட்டிவிடுகின்றன. பள்ளிக்கூடம் ஒன்று தமிழிலே பெயர் பெற்று, வாயிற் பலகையிலும் எழுதி, தமிழ் மின்னஞ்சல் முகவரியும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அம்முகவரியைப் பல விண்ணப்பப் படிவங்களிலே எழுதியவுடன், முகவரி பிழையானது எனச் சிவப்பெழுத்தில் விடை வரும். பிழை முகவரியில் இல்லை. படிவத்தைச் செய்தவர் இருபத்தாறு ஆங்கில எழுத்துகளையே எழுத்தெனக் கொண்டு செய்துவிட்டார். பதிவகம் தன் ஏட்டைத் திருத்தலாம். பிறர் படிவத்திற் கைவைக்க அதற்கு அதிகாரம் இல்லை. வங்கிக்கும் திணைக்களத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிக் கேட்டு, ஒவ்வொரு படிவமாகத் திருத்துவிக்கவேண்டிய வேலை அது.